'என்ன பயன்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வைரஸின் வரலாறு

"ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்கிறீர்களே, அதனால் மக்களுக்கு என்ன பயன்?" இந்தக் கேள்வி இன்று நிதிக்குழுக் கூட்டங்களில் எழுகிறது; தொலைக்காட்சி விவாதங்களில் எழுகிறது; முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை விடுமுறைக்கு வீடு திரும்பினால் அந்த வீட்டுக் கூடத்திலும் எழுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. வரிப்பணம் செலவாகும் இடத்தில் கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை. ஆனால் அந்தக் கேள்விக்குள் வாய்விட்டுச் சொல்லப்படாத இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. பயன் மூன்று ஆண்டுகளுக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. விண்ணப்பத்தில் எந்தப் பயனை எழுதினார்களோ அதே பயன்தான் விளைய வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டு நிபந்தனைகளும் எவ்வளவு பிழையானவை என்பதற்கு ஒரே ஓர் ஆய்வாளரின் வாழ்க்கை போதும். அவர் பெயர் ராபர்ட் காலோ. மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் ரெட்ரோவைரஸைத் தேடிப் புறப்பட்டவர்.

காலோவைப் பற்றித் தமிழ் வாசகர் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரு சண்டையின் வழியாகத்தான். எய்ட்ஸ் வைரஸை முதலில் கண்டவர்கள் பாரிஸ்காரர்களா, அமெரிக்கர்களா என்ற சண்டை. அந்தச் சண்டைக்குப் பிறகு வருவோம். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள்தாம் இங்கே முக்கியம். ஏனெனில் அந்த ஆண்டுகளில்தான் அவருடைய ஆய்வு 'பயனற்றது' என்ற தீர்ப்புக்கு மிக அருகில் நின்றது.

வைரஸால் புற்றுநோய் வரக்கூடும் என்ற எண்ணமே நெடுங்காலம் ஏளனத்துக்கு உரியதாக இருந்தது. 1911-இல் பெய்ட்டன் ரவுஸ் கோழியின் கட்டியொன்றை அரைத்து, செல்கள் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறொரு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி வந்தது. கோழிக்கு வந்தால் மனிதனுக்கு என்ன என்று உலகம் நகர்ந்துவிட்டது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல். இடையே 55 ஆண்டுகள். அதே கோழி வைரஸை எடுத்துக்கொண்ட ஹோவார்ட் டெமின், ஆர்.என்.ஏ.வால் ஆன இந்த வைரஸ் தன்னை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதிக்கொண்டு செல்லின் மரபுத்தொகுதிக்குள் குடியேறுகிறது என்று 1960-களில் சொன்னார். உயிரியலின் அடிப்படை விதிக்கே எதிரானது என்று அதுவும் ஒதுக்கப்பட்டது. 1970-இல் டெமினும் சடோஷி மிசுடானியும் ஒருபுறம், டேவிட் பால்டிமோர் மறுபுறம், ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை எழுதும் நொதியைக் கண்டறிந்தனர். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற அந்த நொதியால்தான் இவ்வகை வைரஸ்களுக்கு ரெட்ரோவைரஸ் என்ற பெயர் நிலைத்தது.

காலோ 1937-இல் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரியில் பிறந்தவர். அவருடைய தங்கை சிறுவயதிலேயே ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். மருத்துவம் படித்து, 1965-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சேர்ந்தார். 1970-இல் அந்த நொதி பற்றிய செய்தி வந்தவுடன் அவர் ஒரு கணக்குப் போட்டார்: மனிதனின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் இந்த நொதி இருக்குமானால், அங்கே ஒரு ரெட்ரோவைரஸ் ஒளிந்திருக்கலாம். எலியில் இருக்கிறது, பூனையில் இருக்கிறது, மாட்டில் இருக்கிறது, கிப்பன் குரங்கில் இருக்கிறது; மனிதனில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

கேள்வி நியாயமானது. விடை கிடைக்கவில்லை. அன்று அமெரிக்க அரசு புற்றுநோய் வைரஸ்களைத் தேடுவதற்கென்றே 1964 முதல் ஒரு தனித் திட்டம் நடத்திவந்தது. பெரும் பணம் செலவானது. மனித வைரஸ் எதுவும் அகப்படவில்லை. 1970-களின் நடுவில் திட்டம் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் கலைந்துபோனது. இந்நிலையில் 1975-இல் காலோவின் ஆய்வகம் ஒரு நோயாளியின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களிலிருந்து வைரஸ் கண்டதாக அறிவித்தது. பிற ஆய்வகங்கள் சோதித்தபோது அது மனித வைரஸே அன்று. வளர்ப்புக் குப்பிக்குள் எப்படியோ புகுந்துவிட்ட குரங்கு வைரஸ்களின் கலவை என்று தெரிந்தது. இதைவிடப் பெரிய அவமானம் ஓர் ஆய்வாளருக்கு இல்லை. 'ஹியூமன் ட்யூமர் வைரஸ்' என்ற தொடரை 'ஹியூமன் ரூமர் வைரஸ்' என்று திரித்து, அதாவது மனித வதந்தி வைரஸ் என்று, அத்துறையினரே சிரித்தனர்.

இங்கே சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். 1976-இல் ஒரு மதிப்பீட்டுக் குழு காலோவின் கோப்பைத் திறந்திருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? பத்தாண்டுச் செலவு. தேடிய பொருள் கிடைக்கவில்லை. கிடைத்ததாகச் சொன்னதும் பொய்த்துவிட்டது. இன்று இந்தியாவில் புழங்கும் எந்த மதிப்பீட்டுப் படிவத்தை வைத்துப் பார்த்தாலும் இந்த ஆய்வகத்துக்கு ஒரே ஒரு முடிவுதான் உண்டு: மூடிவிடலாம்.

அதே 1976-இல்தான் அந்த ஆய்வகத்தில் வேறொன்று நடந்தது. டோரிஸ் மார்கன் என்ற ஆய்வாளர் எலும்பு மச்சையின் ஒருவகை வெள்ளணுக்களை வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். குப்பியில் அவை வளரவில்லை. யாரும் எதிர்பாராத வகையில் டி செல்கள் வாரக்கணக்கில் பெருகிக்கொண்டிருந்தன. அதுவரை மனித டி செல்களை நெடுநாள் வளர்க்க எவராலும் இயலவில்லை. வளர்ப்பு நீரில் அவற்றைப் பெருக்கும் ஒரு புரதம் இருந்தது. மார்கன், பிரான்சிஸ் ரஸ்செட்டி, காலோ மூவரும் அதை வெளியிட்டனர். இன்று இன்டர்லூகின்-2 என்று நோயெதிர்ப்பியல் பாடநூல் ஒவ்வொன்றிலும் இடம்பெறும் பொருள் அது. எந்த விண்ணப்பத்திலும் அந்தப் பயன் எழுதப்பட்டிருக்கவில்லை. வேறொன்றைத் தேடப் போன இடத்தில் அகப்பட்டது.

டி செல்களை வளர்க்க முடிந்ததால் டி செல் புற்றுநோய்களை ஆராய முடிந்தது. தோலில் தொடங்கும் ஒருவகை டி செல் நிணநீர்ப் புற்றுநோயால் துன்புற்ற, அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் ஒருவரின் செல்களிலிருந்து ஆடி கஸ்டர் என்ற அறிஞரின் குழு ஒரு செல் வழியை உருவாக்கியிருந்தது. பெர்னார்ட் பொயஸ், ரஸ்செட்டி முதலானோர் அதில் ஒரு ரெட்ரோவைரஸைக் கண்டனர். இம்முறை எவரும் அவசரப்படவில்லை. இது எந்த விலங்கு வைரஸும் அன்று, ஆய்வகக் கலப்படமும் அன்று என்று ஒவ்வொன்றாகச் சோதித்தபின் 1980-இன் இறுதியில் வெளியிட்டனர். எச்.டி.எல்.வி.-1: மனிதரில் நோய் உண்டாக்குவதாக அறியப்பட்ட முதல் ரெட்ரோவைரஸ். 1975-இன் அவமானம் கற்றுக்கொடுத்த கண்டிப்பு இல்லாமல் 1980-இன் ஆய்வுக்கட்டுரை இல்லை. தோல்வியைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்கள் இந்த வரவை எங்கே எழுதுவார்கள்?

தனிமனித வழிபாட்டுக்கு இங்கே இடமில்லை என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஆய்வகத்துக்கு வெகு தொலைவில், ஜப்பானில், கியோஷி டகட்சுகி, டகாஷி உச்சியாமா முதலிய மருத்துவர்கள் வயதுவந்தோருக்கு வரும் ஒரு விநோதமான டி செல் ரத்தப் புற்றுநோயை 16 நோயாளிகளை வைத்து 1977-இல் விவரித்திருந்தனர். நோயாளிகளில் பெரும்பாலோர் தென்மேற்கே உள்ள கியூஷு தீவில் பிறந்தவர்கள். ஒரே வட்டாரத்தார்க்கு இந்நோய் வருவானேன் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, நோயாளியிடம் "எந்த ஊர்?" என்று கேட்கும் பொறுமை தேவைப்பட்டது. இசாவோ மியோஷி செல் வழிகளை உருவாக்கினார். யோரியோ ஹினுமா 1981-இல் நோயாளிகளின் ரத்தத்தில் வைரஸுக்கான எதிர்ப்பொருளைக் கண்டார். மிட்சுவாக்கி யோஷிடா குழுவினர் வைரஸின் மரபணு வரிசை முழுவதையும் 1983-இல் வெளியிட்டனர். இரு கரைகளிலிருந்தும் கட்டிய பாலம் நடுவில் சந்தித்தது. காலோவின் ஆய்வகத்திலேயே எச்.டி.எல்.வி.-2 பற்றிய 1982-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதற்பெயர் கல்யாணராமன். எய்ட்ஸ் வைரஸ் பற்றிய 1984-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் சாரங்கதரன் என்ற பெயர் இருக்கிறது. செய்தித்தாள்கள் ஒரு பெயரைத்தான் அச்சிட்டன.

இனி, 'என்ன பயன்?' என்ற கேள்விக்கு நேரடியான விடை.

1981-இல் அமெரிக்காவில் ஒரு புதிய நோய் தலைகாட்டியது. இளைஞர்கள் நோயெதிர்ப்பு ஆற்றலை இழந்து மாண்டனர். குறிப்பாக ஒருவகை டி செல்கள் அழிந்துகொண்டிருந்தன. காரணம் தெரியாமல் பத்தாண்டுகள் கழிந்திருக்க வேண்டிய நோய் அது. இரண்டே ஆண்டுகளில், 1983 மே மாதம், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொன்டானியே, ழான்-குளோத் ஷெர்மான் முதலானோர் வைரஸைப் பிரித்தெடுத்துவிட்டனர். எப்படி முடிந்தது? நோயாளியின் டி செல்களை இன்டர்லூகின்-2 கொண்டு வளர்த்தனர். வளர்ப்பு நீரில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி வெளிப்படுகிறதா என்று தொடர்ந்து அளந்தனர். முதல் கருவி 1976-இன் எதிர்பாராத கண்டுபிடிப்பு. இரண்டாவது கருவி கோழி வைரஸை வைத்துக்கொண்டு காலம் கழிக்கிறார்கள் என்று கருதப்பட்டவர்கள் தந்தது. மனிதரில் ரெட்ரோவைரஸ் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையோ எச்.டி.எல்.வி.-1 தந்தது. இம்மூன்றும் இல்லாமல் அந்த நோய் வந்திருந்தால் எத்தனை லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று எந்தத் தணிக்கையாளரும் கணக்கிட முடியாது.

1984-இல் காலோவின் குழு இவ்வைரஸே எய்ட்ஸின் காரணம் என்பதற்கு வலுவான சான்றுகளை வெளியிட்டது; மிக்குலாஸ் போபோவிச் அதைப் பேரளவில் வளர்க்கும் வழியைக் கண்டார். அவர் பயன்படுத்தியதும் ஒரு டி செல் புற்றுநோயாளியிடமிருந்து பெற்ற செல் வழிதான். வைரஸைப் பேரளவில் வளர்க்க முடிந்ததால் ரத்தப் பரிசோதனை உருவாகி, 1985-இல் சந்தைக்கு வந்தது. 1987-இல் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான ஏ.இசட்.டி.யின் கதையும் இதேதான். புற்றுநோய் மருந்தாக வேண்டுமென்று 1964-இல் ஜெரோம் ஹார்விட்ஸ் தயாரித்த பொருள் அது. புற்றுநோய்க்குப் பலன் தரவில்லை, அலமாரிக்குப் போனது. எச்.டி.எல்.வி.-1 பற்றி ஆய்ந்துவந்த ஹிரோவாக்கி மிட்சுயாவும் சாமுவேல் பிராடரும் அதை மீண்டும் எடுத்துச் சோதித்தபோது வைரஸின் அந்த நொதியை அது முடக்கியது. தோற்ற மருந்து ஒன்று, ஏளனத்துக்கு உள்ளான துறை ஒன்றின் அறிவால் உயிர்காக்கும் மருந்தானது.

"அது பணக்கார நாடு, அவர்களுக்குக் கட்டுப்படியாகும்" என்பது அடுத்து வரும் வாதம். அதற்கான விடை சென்னையிலேயே இருக்கிறது. 1985-இல் மருத்துவர் சுனிதி சாலமன், சென்னை மருத்துவக் கல்லூரியில் தம் மாணவியான நிர்மலாவுக்கு ஆய்வேட்டுத் தலைப்பாக எய்ட்ஸைக் கொடுத்தார். இந்தியாவில் அந்நோய் இருக்காது, இங்கே ஒழுக்கம் வேறு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். பயன் கேட்கும் குழு ஒன்று அன்று உட்கார்ந்திருந்தால் "இல்லாத நோய்க்கு ஆய்வு எதற்கு?" என்று முதல் கேள்வியிலேயே தலைப்பை நிராகரித்திருக்கும். நிர்மலா ரத்த மாதிரிகளைத் திரட்டினார். சீரத்தைப் பிரித்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். 1986-இன் தொடக்கத்தில் அவற்றை ரயிலில் வேலூருக்கு எடுத்துச் சென்றார். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது தெரிந்தது. இந்தியா விழித்தது அந்த ஒரு மாணவ ஆய்வேட்டால். அதைச் செய்யும் பரிசோதனை உலகில் இருந்ததற்குக் காரணம், பத்தாண்டுகளுக்கு முன்பு யாரோ சிலர் 'வதந்தி வைரஸை'த் தேடியது. ஏழை நாட்டுக்கு அடிப்படை ஆய்வு ஆடம்பரம் என்று சொல்பவர்கள், அந்த நாடு ஆபத்து வரும்போது யாருடைய கருவியைக் கடன் வாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தச் சண்டைக்கு வரலாம். ஏனெனில் காலோவைக் காட்டி ஆய்வாளர்களை நம்ப முடியாது என்று வாதிடுபவர்களும் உண்டு. நடந்தவற்றை மறைக்கத் தேவையில்லை. எய்ட்ஸ் வைரஸும் எச்.டி.எல்.வி. குடும்பத்தைச் சேர்ந்ததே என்று காலோ தொடக்கத்தில் பிடிவாதமாக நம்பினார். தாம் கண்டெடுத்த முதல் வைரஸின் மீது கொண்ட பற்று கண்ணை மறைத்தது. எச்.டி.எல்.வி.-1 டி செல்லைப் பெருக்குவது. எய்ட்ஸ் வைரஸ் அதைக் கொல்வது. அந்த வேறுபாடு பாரிஸ் குழுவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலோவின் ஆய்வகம் 1984-இல் வளர்த்த வைரஸ், பாரிஸிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரியிலிருந்தே வந்தது என்பது பின்னர் மரபணு வரிசைகளால் உறுதியாகி, 1991-இல் அவராலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. காப்புரிமை வழக்கு, 1987-இல் ரீகனும் ஷிராக்கும் அறிவித்த உடன்படிக்கை வரை போனது. 1992-இல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் அவர்மீது சுமத்திய குற்றச்சாட்டு 1993-இல் மேல்முறையீட்டுக் கட்டத்தில் கைவிடப்பட்டது. 2008-இல் நோபல் பரிசு பாரே-சினூசிக்கும் மொன்டானியேவுக்கும் போனது. காலோவுக்கு இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எஞ்சும் பாடம் வேறு. 1975-இன் பிழையையும் 1984-இன் பிழையையும் கண்டுபிடித்துத் திருத்தியவர்கள் யார்? அமைச்சர்கள் அல்லர். 1984 ஏப்ரல் மாதம் பத்திரிகையாளர் கூட்டத்தைக் கூட்டி, இரண்டாண்டுகளில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகும் என்று அறிவித்தவர் அமெரிக்கச் சுகாதாரத்துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர். இன்றுவரை நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்பூசி இல்லை. உடனடிப் பயன் வேண்டும் என்ற அரசியல் அவசரம்தான் அந்தப் பொய் வாக்குறுதியைப் பிறப்பித்தது. யார் முந்தினார்கள் என்ற போட்டியை இரு நாடுகளின் மானப் பிரச்சினையாக வளர்த்தது. பிழைகளைத் திருத்தியதோ வேறு ஆய்வகங்களின் சலிக்காத மறுசோதனை. அத்தகைய மறுசோதனைக்கு இந்தியாவில் எந்த நிதிக்குழு பணம் தருகிறது? 'புதுமை இல்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பம் அதுதான். பயன் கேட்கும் பண்பாடு ஆய்வாளரை மிகைப்படுத்தத் தூண்டுகிறது. மிகைப்படுத்தியவர் அகப்பட்டால் ஆய்வே மோசடி என்கிறது. நோயைக் கொடுத்துவிட்டு நோயாளியைத் திட்டும் வைத்தியம் இது.

பயனையே அளவுகோலாகக் கொள்வதானால், அதை நேர்மையாகவாவது கொள்ள வேண்டும். இங்கேதான் குற்றச்சாட்டு திசை மாறுகிறது. எச்.டி.எல்.வி.-1 கண்டறியப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உலகில் குறைந்தது 50 லட்சம் முதல் 1 கோடிப் பேர் வரை அதைச் சுமக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் அந்த ரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகிறார். தொற்றியதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிகின்றன. தீவிர வகை வந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவது அரிது. வேறு சிலருக்கு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்கின்றன. கரீபியத் தீவான மார்டினிக்கில் 1985-இல் இத்தொடர்பு வெளிப்பட்டது. வைரஸ் பரவும் வழிகள் தெரியும்: தாய்ப்பால், உடலுறவு, செல்கள் கலந்த ரத்தம். தடுக்கும் வழியும் தெரியும். நாகசாகியில் 1987 முதல் தொற்றுள்ள தாய்மாருக்குத் தாய்ப்பாலைத் தவிர்க்க அறிவுரை கூறியதில், ஐந்தில் ஒரு குழந்தைக்கு என்றிருந்த பரவல் நாற்பதில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது.

அப்படியிருந்தும் ஜப்பானிலேயே கர்ப்பிணிகள் அனைவருக்கும் பரிசோதனை என்ற ஏற்பாடு நாடு முழுவதற்கும் வர 2010-11 ஆயிற்று. அது ஒரு மூலையில் இருக்கும் நோய், தானே மறைந்துவிடும் என்று எண்ணினார்கள். மக்கள் கியூஷுவிலிருந்து டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் பெயர்ந்ததை எண்ணவில்லை. மியாகி மாகாண முன்னாள் ஆளுநர் ஷிரோ அசானோ தமக்கு அந்நோய் இருப்பதை 2009-இல் வெளிப்படையாக அறிவித்தது அரசின் காதுக்கு எட்டிய குரல்களில் ஒன்று. மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிச் சமூகங்கள் சிலவற்றில் வயதுவந்தோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இவ்வைரஸைச் சுமக்கிறார்கள். அவர்கள் குரல் எட்ட இன்னும் நாளாயிற்று. 2018-இல் காலோவும் உடனிருந்த ஆய்வாளர்களும் உலகச் சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இவ்வைரஸ் பற்றிய அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப அறிக்கை 2021-இல் வந்தது. கண்டுபிடிப்புக்கும் அறிக்கைக்கும் இடையே 41 ஆண்டுகள்! பயன் எங்கே என்று ஆய்வகத்தைப் பார்த்துக் கேட்பவர்கள் இந்த 41 ஆண்டுகள் யாருடைய மேசையில் கிடந்தன என்று கேட்டதுண்டா?

எச்.டி.எல்.வி.-1 சுமப்பவர்கள் பெரும்பாலும் தீவுகளிலும் பாலைநிலங்களிலும் வாழும் ஏழைகள், பூர்வகுடிகள், கறுப்பின மக்கள். மருந்து வாங்கும் சந்தையாக அவர்களை எவரும் எண்ணவில்லை. 'பயன்' என்ற சொல்லுக்குள் 'யாருக்கு' என்ற சொல் எப்போதும் அடங்கியிருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பேச மறுப்பவர்கள்தாம் அதிகமாகப் பயன் பேசுகிறார்கள்.

இந்தியாவின் நிலை என்ன? இங்கே தானமாகப் பெறும் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தும் கட்டாயமாகச் சோதிக்கப்படுகின்றன. எச்.டி.எல்.வி. அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கா 1988-இலும் ஜப்பான் அதற்கு முன்பே 1986-இலும் தொடங்கிவிட்டன. இந்தியாவில் இவ்வைரஸின் பரவல் குறைவு என்றே சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே எல்லா ரத்தத்தையும் சோதிப்பது இங்கே தகுந்த செலவுதானா என்பது நேர்மையான கேள்வி. தாய்ப்பாலைத் தவிர்க்கச் சொல்வதும் தூய நீர் இல்லாத வீட்டில் வேறோர் ஆபத்தாகலாம். ஆனால் இவற்றையெல்லாம் முடிவுசெய்ய நாடு தழுவிய கணக்கெடுப்பு வேண்டும். கணக்கெடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் ஓர் ஆய்வு மாணவர். 'பரவல் குறைவான நோய், ஆகவே முன்னுரிமை இல்லை. முன்னுரிமை இல்லை, ஆகவே கணக்கெடுப்பு இல்லை. கணக்கெடுப்பு இல்லை, ஆகவே பரவல் குறைவு' என்று செக்கு மாட்டைப் போலச் சுற்றும் வாதத்தை 1985-இல் எய்ட்ஸ் விஷயத்தில் இந்நாடு ஒருமுறை கேட்டாயிற்று.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 1 விழுக்காட்டை எட்டவில்லை. 2020-21 கணக்கில் 0.64 விழுக்காடு. இளநிலை ஆய்வு உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்துவதற்கு 2023-இல் மாணவர்கள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. உயர்த்திய தொகையும் மாதக்கணக்கில் வந்துசேராமல், விடுதிக் கட்டணத்துக்கு நண்பரிடம் கைமாற்று வாங்கும் மாணவரிடம்தான் "நாட்டுக்கு என்ன செய்தாய்?" என்று கேட்கப்படுகிறது. காலோவுக்குக் கிடைத்தவை அறிவுக்கூர்மை மட்டும் அல்ல. 1965-இல் சேர்ந்து 1980 வரை தோற்பதற்கு அனுமதி, நிலையான சம்பளம், சுற்றிலும் தம்மைவிடத் திறமையான இளைஞர்கள். இந்தியாவில் கூர்மைக்குப் பஞ்சமில்லை. மற்றவை இல்லை.

ஆகவே பயனைக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் சரியான ஆளிடம், சரியான கால அளவோடு கேட்க வேண்டும். ஆய்வாளரிடம் கேட்க வேண்டியவை: கேள்வி நல்ல கேள்விதானா, முறை நேர்மையானதா, பிழை தெரிந்ததும் ஒப்புக்கொண்டீர்களா? மூன்றாண்டு முடிவில் மருந்து எங்கே என்பது அவரிடம் கேட்கும் கேள்வி அன்று. ஆட்சியாளரிடம் கேட்க வேண்டியவை: தெரிந்த அறிவை ஏன் மக்களிடம் கொண்டுசேர்க்கவில்லை, மறுசோதனைக்கும் கணக்கெடுப்புக்கும் ஏன் பணம் இல்லை, உதவித்தொகை ஏன் மாதத்தின் முதல் நாள் வரவில்லை?

ராபர்ட் காலோவின் வாழ்க்கை புனிதர் கதை அன்று. திருடர் கதையும் அன்று. ஒருமுறை உலகறியத் தோற்று, பின்னர் சரியான விடையைக் கண்டு, பின்னர் மீண்டும் தவறி, வயதான காலத்தில் தாம் முதலில் கண்ட வைரஸால் இன்னும் இறந்துகொண்டிருப்பவர்களுக்காகக் கடிதம் எழுதிய ஓர் ஆய்வாளரின் கதை. அந்தக் கதையில் 1976-ஆம் ஆண்டு என்று ஒன்று இருக்கிறது. கோப்பு மேசையில் திறந்து கிடக்கிறது, உள்ளே தோல்விகள் மட்டுமே இருக்கின்றன, குப்பியில் ஏதோ ஒன்று எதிர்பாராமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்தியாவின் ஏதோ ஓர் ஆய்வகத்தில் இன்றும் அப்படியொரு குப்பி இருக்கக்கூடும். நிதி நீட்டிப்பு மறுக்கப்பட்ட கடிதம் அந்த ஆய்வகத்துக்கு அடுத்த வாரம் வந்துசேரும்.